கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்றே எழுதுங்கள்

நம் மக்களிடம் ஒரு கேள்வி எப்போதும் கையில் தயாராக இருக்கும்: "கிடைச்சுதா?" தட்கல் டிக்கெட்டுக்கு உட்கார்ந்தாலும், இன்டர்வியூவுக்குப் போய் வந்தாலும், வாடகைக்கு வீடு தேடிவிட்டு வந்தாலும் இதே கேள்விதான். "கிடைக்கலை" என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. எங்கே தேடினாய், எப்படித் தேடினாய் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கிடைக்காத தேடல் வெட்டி வேலை என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. "கிடைக்கவில்லை" என்ற ஒற்றை வார்த்தைக்குள் எவ்வளவு சரக்கு இருக்க முடியும் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கொஞ்சம் தூரத்துச் சமாச்சாரம். எவ்வளவு தூரம் என்றால், வெளிச்சமே அங்கிருந்து கிளம்பி இங்கே வந்து சேரப் பல ஆயிரம் வருஷம் ஆகும். மேக்னட்டார் என்று ஒரு ஜாதி விண்மீன். அதிலிருந்து ரேடியோ சத்தம் வருகிறதா என்று காது வைத்துக் கேட்கும் வேலை.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி கிடையாது. பதினேழு வருஷமாகப் புனேயில் பொட்டி தட்டும் ஆசாமி. இந்த ஆர்வம் வந்ததற்குக் காரணம் ஊர்தான். புனேயிலிருந்து நாசிக் போகிற ரோட்டில் சுமார் 80 கிலோமீட்டர் போனால் நாராயண்காவ். தக்காளிக்கும் திராட்சைக்கும் பேர் போன இடம். அதற்குப் பக்கத்தில் கோடத் என்ற கிராமத்தைச் சுற்றித்தான் ஜிஎம்ஆர்டி என்கிற ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலத்தில் மொத்தம் 30 தட்டு ஆன்டெனாக்கள். அதில் 14 நடுவில் கூட்டமாக நிற்கும். மீதி 16 மூன்று கிளைகளாகப் பிரிந்து வயல்களுக்கு நடுவே போகும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 25 கிலோமீட்டர்.

ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது, கார் ஓட்டி வந்த ஜுன்னர் தாலுகாக்காரர் தட்டுகளைக் காட்டி இந்தியில் கேட்டார்: "சார், நான் சின்னப் பையனா இருந்ததிலேர்ந்து இதைப் பார்க்கிறேன். இத்தனை வருஷமா இவங்களுக்கு என்னதான் கிடைச்சுது?" அதே கேள்விதான், பாஷை மட்டும் வேறு. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் மேக்னட்டார் கதையை முடித்துவிடலாம்.

நம் சூரியனைவிட ரொம்பப் பெரிய விண்மீன் ஒன்று ஆயுசு முடிந்து வெடிக்கும்போது, அதன் நடுப்பகுதி உள்ளே நொறுங்கி ஒரு உருண்டையாகிவிடும். அதுதான் நியூட்ரான் விண்மீன். எடை சூரியனைவிட அதிகம், அகலமோ 20 கிலோமீட்டர் சொச்சம். புனே மாநகராட்சி எல்லைக்குள் அடக்கிவிடலாம். இது வேகமாகச் சுற்றும். சுற்றும்போது கலங்கரை விளக்கு மாதிரி ரேடியோ அலைக் கற்றையை வீசும். கற்றை பூமியைத் தொடும் ஒவ்வொரு தடவையும் நமக்கு ஒரு 'டக்' கேட்கும். இப்படித் துடிப்பவைதான் பல்சார்கள். 1967-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல் முதல் பல்சாரைக் கண்டுபிடித்தார்.

மேக்னட்டாரும் இந்தக் குடும்பம்தான், ஆனால் காந்தப்புலத்தில் ராட்சசன். பூமியின் காந்தப்புலம் சுமார் அரை காஸ். ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுக்கும்போது மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்றச் சொல்கிறார்களே, அந்த மிஷினில் 15 ஆயிரமோ 30 ஆயிரமோ காஸ். சாதாரணப் பல்சாரில் சுமார் ஒரு லட்சம் கோடி காஸ். மேக்னட்டாரில் அதைப்போல் நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை. இப்படியும் ஒன்று இருக்க முடியும் என்று 1992-ல் கணக்குப் போட்டுப் பேர் வைத்தவர்கள் ராபர்ட் டங்கன், கிறிஸ்டோபர் தாம்ஸன் என்ற இருவர். 1998-ல் கிரிஸ்ஸா குவெலியோட்டு குழுவினர் எஸ்ஜிஆர் 1806-20 என்ற பொருளின் சுழற்சி குறைந்துகொண்டே வரும் வேகத்தை அளந்து, கணக்கு நிஜம்தான் என்று காட்டினார்கள்.

அந்த எஸ்ஜிஆர் 1806-20 தன் பலத்தை ஒரு நாள் நமக்கும் காட்டியது. 2004 டிசம்பர் 26-ஐ நம்மில் யாராலும் மறக்க முடியாது. நாகப்பட்டினமும் கடலூரும் கன்னியாகுமரியும் நிலைகுலைந்து கிடந்த நேரம். மறுநாள் ராத்திரி கழிந்து, நம் கடிகாரப்படி 28-ம் தேதி விடியற்காலை மூன்று மணிக்கு, இந்த விண்மீனிலிருந்து கிளம்பிய காமா கதிர் அலை ஒன்று பூமியைக் கடந்துபோனது. ஒரு விநாடிகூட இல்லாத அதன் முதல் வெடிப்பில், சூரியன் ஒரு லட்சம் வருஷத்துக்கு மேல் கொட்டும் ஆற்றல் வெளிப்பட்டது. நம் வளிமண்டலத்தின் மேலடுக்கு அயனிமண்டலமே கலங்கியது. சுனாமிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, யாராவது சம்பந்தப்படுத்தி மெயில் அனுப்பினால் நம்பாதீர்கள். பிறகு வந்த நாட்களில் அந்த வெடிப்பின் பின்னொளியை ரேடியோ அலைகளில் தொடர்ந்து பார்த்த தொலைநோக்கிகளில் நம் கோடத்தும் ஒன்று.

ஆனால் அது வெடித்துச் சிதறிய பொருள் கிளப்பிய அலை. விண்மீனின் சொந்தத் துடிப்பு இல்லை. பல்சார் மாதிரி மேக்னட்டாரும் ரேடியோவில் 'டக் டக்' என்று துடிக்குமா? ரொம்ப வருஷம் இதற்குப் பதில் "இல்லை" என்றுதான் இருந்தது. தேடியவர்கள் வெறும் கையோடு திரும்பினார்கள். இவ்வளவு பலமான காந்தப்புலத்தில் ரேடியோ அலை உருவாகவே முடியாது என்று சொல்லும் கோட்பாடுகளும் வந்தன. விஷயம் முடிந்தது என்று கடையைச் சாத்தியிருக்கலாம்.

சாத்தவில்லை. எக்ஸ்டிஇ ஜே1810-197 என்ற மேக்னட்டார் 2003-ல் எக்ஸ் கதிரில் பொங்கியிருந்தது. 2006-ல் பெர்னாண்டோ கமீலோ குழுவினர் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியை அதன்மேல் திருப்பினால், 5.54 விநாடிக்கு ஒரு தடவை துடிப்பு கேட்கிறது! அதுவும் பலமாக. 2008 கடைசியில் அந்தச் சத்தம் நின்றுபோனது. பத்து வருஷம் மௌனம். திரும்பவும் 2018 டிசம்பரில் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க்கில் கேட்டது. அடுத்து கோடத்திலும் கேட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2010-ல் ஒருவர் தேடி "இல்லை" என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரி. 2019-ல் ஒருவர் "இருக்கிறது" என்றால் அதுவும் சரி. ஆகவே வெறும் "இல்லை" என்பதற்கு மதிப்பில்லை. எந்தத் தேதியில், எந்த அலைவரிசையில், எவ்வளவு சன்னமான சத்தம் வரை கேட்டுப் பார்த்தோம் என்று விலாசத்தோடு எழுதிய "இல்லை"க்குத்தான் மதிப்பு.

அந்த விலாசத்தை எழுதுவது லேசான வேலை இல்லை. விண்மீன்களுக்கு நடுவே உள்ள வெளியில் எலக்ட்ரான்கள் உலவிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தாண்டி வரும்போது உயர்ந்த அலைவரிசை முந்தி வரும், தாழ்ந்த அலைவரிசை பிந்தி வரும். கல்யாணத்துக்கு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பிய காரும் வேனும் பஸ்ஸும் மண்டபத்துக்குத் தனித்தனியாக வந்து சேர்வது மாதிரி. யார் எவ்வளவு பிந்தினார்கள் என்று கணக்குப் போட்டு எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். பிறகு மணிக்கணக்கில் எடுத்த பதிவைச் சுழற்சி நேரத்துக்குத் தகுந்த மாதிரி துண்டு துண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். துடிப்பு இருந்தால் மட்டும் அது கூடிக்கூடி மேலே எழும்பும்.

மேக்னட்டார்கள் நிதானமாகச் சுற்றுபவை. ஒரு சுற்றுக்குச் சில விநாடிகள் ஆகும். கருவிகளின் சொந்தத் தடுமாற்றமும் அதே வேகத்தில்தான் இருக்கும், இரண்டையும் பிரிக்க வேண்டும். மின்கம்பியில் தெறிக்கும் பொறி, செல்போன் டவர், வண்டிகளின் இக்னிஷன் என்று நம் ஊர்ச் சத்தம் வேறு. நிலாவில் ஒரு செல்போனை வைத்துவிட்டு வந்தால், அது வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ பொருட்களில் ஒன்றாகத் தெரியுமாம். இவர்கள் தேடுவதோ அதில் தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு சத்தம்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2014 ஜூலையில் எஸ்ஜிஆர் ஜே1935+2154 என்று ஒரு புது மேக்னட்டாரை ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் எக்ஸ் கதிரில் கண்டுபிடித்தது. சுழற்சி 3.24 விநாடி. நம் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு இடங்களிலிருந்து அதைக் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்று கோடத். இன்னொன்று நம் ஊட்டி.

ஊட்டியில் ரேடியோ தொலைநோக்கி இருப்பது தாவரவியல் பூங்காவுக்கும் போட் ஹவுஸுக்கும் போய்விட்டுத் திரும்பும் நம்மில் பலருக்குத் தெரியாது. முத்தொரை பக்கம் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் என்ற மனிதரின் யோசனை. பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 11 டிகிரி தள்ளி இருக்கிறது ஊட்டி. அதே 11 டிகிரி சரிவு உள்ள மலையாகத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டினார். அப்படிக் கட்டினால் தொலைநோக்கியின் நீளவாக்கு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு விண்மீனை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். 1970-ல் வேலை முடிந்தது. அதே மனிதர்தான் பிற்பாடு கோடத்திலும் ஜிஎம்ஆர்டியைக் கட்டி எழுப்பினார். 2020 செப்டம்பரில் காலமானார்.

ஊட்டியும் கோடத்தும் சேர்ந்து கேட்டதில் கிடைத்த பதில்: ஒன்றும் கேட்கவில்லை. 2016-ல் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் விலாசம் துல்லியமாக இருந்தது. 326.5 மெகாஹெர்ட்ஸில் 0.4 மில்லிஜான்ஸ்கிக்கு மேலும், 610 மெகாஹெர்ட்ஸில் 0.2 மில்லிஜான்ஸ்கிக்கு மேலும் சீரான துடிப்பு இல்லை. ஒற்றையாகத் தெறிக்கும் வெடிப்புச் சத்தத்துக்கும் இதே மாதிரி ஓர் எல்லை. போன காரியம் ஆகவில்லை, ஆனால் கை சும்மாவும் திரும்பவில்லை. அந்த விண்மீன் பிறந்தபோது சிதறியதாகக் கருதப்படும் வெடிப்பு மிச்சத்தின் துல்லியமான ரேடியோ படம் முதல்முதலாகக் கிடைத்தது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற மதிப்பீடும் கிடைத்தது.

இதையெல்லாம் அன்றைக்கு யாரிடமாவது சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "ஓ, அப்ப கிடைக்கலை."

அடுத்த காட்சி 2020 ஏப்ரல் 28. நம் நேரப்படி ராத்திரி எட்டு மணி. ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள். மேலே சொன்ன அதே எஸ்ஜிஆர் 1935+2154 ஒரு நொடியின் சின்னத் துணுக்கு நேரத்தில் பயங்கரமான ரேடியோ வெடிப்பு ஒன்றை அனுப்பியது. கனடாவின் சைம் தொலைநோக்கி பிடித்தது. அமெரிக்காவில் ஸ்டேர்2 என்ற சின்ன ஏற்பாடும் பிடித்தது. அதன் ஆன்டெனா, ஒரு உலோகக் குழாயும் கேக் செய்யும் தட்டு இரண்டும் சேர்த்துச் செய்தது. நிஜமாகவே கேக் தட்டுதான் :-)

ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? 2007-லிருந்து ரேடியோ வானியலில் ஒரு மர்மம் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்து அண்டங்களிலிருந்து கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துபோகும் ரேடியோ மின்னல்கள் வந்தன. யார் அனுப்புகிறார்கள் என்று தெரியவில்லை. நம் பால்வீதிக்குள்ளேயே ஒரு மேக்னட்டார் ஏறக்குறைய அதே ரகத்தில் வெடித்துக் காட்டியதும், அந்த மின்னல்களில் ஒரு பகுதியாவது மேக்னட்டார்களின் வேலை என்பதற்கு முதல் நேரடிச் சாட்சி கிடைத்துவிட்டது.

இப்போது 2016-ன் அந்த "இல்லை"யை எடுத்துப் பாருங்கள். அலைவரிசை வேறு வேறு என்றாலும், ஊட்டி வைத்த எல்லையோடு ஒப்பிட்டால் 2020-ன் வெடிப்பு சில லட்சம் மடங்கு பலமானது. அதாவது 2014-ல் காது மந்தமாக இருந்ததால் கேட்காமல் போகவில்லை. நாம் கேட்டுக்கொண்டிருந்த மணி நேரங்களில் அந்த விண்மீன் உண்மையிலேயே வாய் திறக்கவில்லை. அதே ஏப்ரல் 28-ல், வெடிப்புக்குச் சில மணி நேரம் முன்பு, சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. விண்மீன் அப்போது 29 தடவை காமா கதிரில் வெடித்தது. உலகத்திலேயே பெரிய தட்டுக்கு ரேடியோவில் ஒரு தடவைகூட ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் அதை மறைக்கவில்லை. "29 தடவையும் இல்லை" என்றே எழுதினார்கள். சைம், ஸ்டேர்2 குழுக்களின் "கேட்டது" கட்டுரைகள் வந்த அதே நேச்சர் இதழில், 2020 நவம்பரில், "கேட்கவில்லை" கட்டுரையும் வந்தது. மேக்னட்டார் வெடிக்கும்போதெல்லாம் ரேடியோ மின்னல் வராது, அது அபூர்வம் என்பது அந்த "இல்லை" சொன்ன செய்தி. "கேட்டது" மட்டும் வந்திருந்தால் நாம் பாதிக் கதையைத்தான் படித்திருப்போம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிவகங்கைப் பக்கம் எங்கள் கிராமத்துப் பெரியப்பா ஞாபகம் வந்தார். போர் போட்டுத் தண்ணீர் வராத குழிகளுக்கும் அவரிடம் ஒரு நோட்டு உண்டு. "வடக்கு வரப்பு, பனையிலிருந்து இருபது எட்டு, 240 அடியில் பாறை, தண்ணி இல்லை." போரைத் தோற்றுவிட்டு வருகிறவர்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார்கள், அடுத்தவன் வந்து அதே பாறையில் காசைக் கொட்டுவான். பெரியப்பா சொல்வார்: "வராத குழியைச் சொல்லாதவன் பக்கத்து வயக்காரனுக்குக் கடன் வாங்கி வைக்கிறான்டா." விண்மீன் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் எழுதிவைக்கும் எல்லைக் கணக்கும் இதே நோட்டுதான். கிடைக்காததை நேர்மையாக எழுதிவைத்தால் அது அடுத்தவனுக்குச் சொத்து.

சரி, நாம் நம் பிள்ளைகளுக்கு எந்த நோட்டைக் கொடுக்கிறோம்? என் பெண் பதினொன்றாம் வகுப்பில் தனி ஊசல் சோதனை செய்தாள். புவியீர்ப்பு முடுக்கத்துக்குப் புத்தகத்தில் 9.8. அவளுக்கு வந்தது 9.5. ஸ்கூல் பேர் வேண்டாம், எல்லா ஸ்கூலிலும் நடப்பதுதான். "ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்ணி 9.8 கொண்டு வா" என்று லேபில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் தங்கமணியும், "மார்க் போயிடும்டி, மாத்திட்டுப் போ" என்றாள். நான் சொன்னது: "9.5 வந்தா 9.5-னே எழுது. ஏன் குறைஞ்சுதுன்னு கண்டுபிடி." ஒரு மார்க் போனது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தவள், தான் குண்டின் மேல்விளிம்பு வரைதான் நீளம் அளந்திருக்கிறோம், நடுப்பகுதி வரை அளந்திருக்க வேண்டும் என்று தானே பிடித்துவிட்டாள். 9.8 என்று மாற்றி எழுதியிருந்தால் இதைத் தெரிந்துகொண்டிருக்கவே மாட்டாள். லேபில் ரீடிங் 'சமைக்கும்' கலையைப் பதினாறு வயதில் சொல்லிக்கொடுத்துவிட்டு, இருபத்தாறு வயதில் ஆபீஸில் புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஏன் சமைக்கிறாய் என்று கேட்டால் என்ன நியாயம்?

இங்கே ஓர் ஆட்சேபணை வரும். "அதெல்லாம் சரிப்பா, ஆனா கிடைக்காததைத் தேட ஊர்ப் பணம் எதுக்கு?" கார் ஓட்டியவர் கேட்டதும் அதுதான். பணத்தைவிடப் பெரிய விலை ஒன்றை அந்தப் பகுதி மக்கள் கொடுக்கிறார்கள். ரேடியோ தொலைநோக்கிக்குச் சுற்றிலும் ரேடியோ அமைதி வேண்டும். டவர், தொழிற்சாலை, மின்பாதை எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு யோசனை உண்டு. புனே – நாசிக் வேக ரயிலை நாராயண்காவ் பக்கமாகக் கொண்டுபோவதாகத்தான் முதலில் திட்டம். ஜிஎம்ஆர்டி இருப்பதால் அந்தப் பாதை சரிவராது, மாற்ற வேண்டும் என்று 2025-ல் ரயில்வே அமைச்சர் சொன்னார். வருஷக்கணக்காக ரயிலுக்குக் காத்திருந்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்தது. வராதா பின்னே? புனேயில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அறிவியல் பெருமை. ரயிலை இழப்பது தக்காளி விற்கிறவர்.

அறிவியல் பெரிது, வாயை மூடு என்று அவரிடம் சொல்வது அயோக்கியத்தனம். அதே சமயம், கிடைக்கவில்லையே, மூட்டை கட்டு என்பதும் சரியில்லை. பத்து வருஷம் மௌனமாக இருந்துவிட்டுத் திடீரென்று பேசும் பொருளைத் தேடுகிறார்கள். கேட்பதை நிறுத்தினால் அது பேசிய நாளில் நாம் இருக்க மாட்டோம். தொலைநோக்கியை நகர்த்த முடியாது, ரயில் பாதையைக் கஷ்டப்பட்டாவது வளைக்கலாம். வளைப்பதால் வரும் நஷ்டத்துக்கு அந்த மக்களுக்கு வேறு வழியில் ஈடு செய்ய வேண்டும், நல்ல ரோடோ, பஸ்ஸோ, விளைச்சலைக் கொண்டுபோக வசதியோ. அதோடு இன்னொரு கடனும் இருக்கிறது. என்ன கேட்டோம், என்ன கேட்கவில்லை என்று அவர்கள் பாஷையில், மராத்தியில், விலாசத்தோடு சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அமைதியை விலையாகக் கொடுத்தவர்களுக்குக் கணக்கு காட்டுவது உபகாரம் இல்லை, கடமை. ஊட்டிக்கும் அதேதான், தமிழில்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். ஊரை விட்டு வந்து சம்பாதிக்கும் நாம் எல்லோருமே நிச்சயம் தேடி வந்தவர்கள். நிச்சயமான வேலை, நிச்சயமான சம்பளம், நிச்சயமான பள்ளிக்கூடம். அதில் தப்பே இல்லை. அந்த நிச்சயம்தான் நம்மைக் கரையேற்றியது. ஆனால் பிள்ளை "பௌதிகம் படிக்கிறேன்" என்று வந்து நின்றால், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பத்துப் பேர் "அதுல ஸ்கோப் என்ன?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: நம் தலைமுறை கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறது. அதன் பலன் அடுத்த தலைமுறைக்கு இன்னும் பெரிய ஃபிளாட்டாக மட்டும் போய்ச் சேர வேண்டாம். விடை வருமா வராதா என்று தெரியாத கேள்வியோடு பத்து வருஷம் உட்கார்ந்திருக்கும் தைரியமாகவும் போய்ச் சேரட்டும். இன்றைக்குத் தெரிந்த மேக்னட்டார்கள் சுமார் 30. அதில் ரேடியோவில் துடித்துக் காட்டியவை அரை டஜன் போல. மற்றவற்றின் பக்கத்தில் யாரோ ஒரு பையனோ பெண்ணோ "இந்தத் தேதி வரை இல்லை" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வரியை எழுதியவரை வெட்டி ஆபீஸர் என்று நினைக்காத வீடுகள் நமக்கு வேண்டும்.

அடுத்த தடவை உங்கள் வீட்டில் யாராவது தேடிவிட்டு வெறும் கையோடு வந்தால், "கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். எங்கே தேடினாய், எவ்வளவு ஆழம் வரை போனாய் என்று சேர்த்துக் கேளுங்கள். நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கொசுறு: பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையொட்டி கோடத்தில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். சுற்று வட்டார கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த பொருட்களை வைத்துக் காட்டுவார்கள். புனே, மும்பை, நாசிக் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பிள்ளைகளோடு ஒரு நடை போய் வரலாம். செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள், அங்கே காது கொஞ்சம் கூர்மை. திரும்பும்போது நாராயண்காவில் தக்காளி வாங்க மறக்க வேண்டாம்.